‘ஒண்ணுமில்ல’ என்ற கெட்ட வார்த்தை

என் தொழிலில் மொத்தம் மூன்றே வசனம். “சட்டையைக் கழட்டுங்க.” “தட்டோட ஒட்டி நில்லுங்க.” “மூச்சை இழுத்துப் பிடிங்க.” நாலாவதாக “விடுங்க” என்று ஒன்று உண்டு. அதைச் சொல்ல மறந்துபோய் ஒரு பெரியவரை முகம் சிவக்க நிறுத்தி வைத்திருந்த சரித்திரம் எனக்கு இருக்கிறது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் கீழே பிரியாணிக் கடை, மாடியில் எங்கள் ஸ்கேன் சென்டர், அங்கே எக்ஸ்ரே எடுப்பது நான். ஜனங்களை மூச்சு விடாதே என்று மிரட்டிச் சம்பளம் வாங்குகிறவர் என்றுதான் என் மனைவி என்னைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவாள்.

அந்த மூன்று வசனத்தில் இரண்டாவது தப்பு என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர் ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ரிங் மேடம். எல்லோருக்கும் அவ்வப்போது கோபம் வரும். ரிங் மேடத்துக்கு அவ்வப்போது கோபம் போகும், அதுவும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பெற்றோருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அதனால் சும்மா பேசினால் சென்னைத் தமிழ், கோபம் வந்தால் தாமிரபரணி. நான் பெரும்பாலும் தாமிரபரணியில்தான் நனைந்திருக்கிறேன்.

நனைவது என்றதும் முதல் சந்திப்பு ஞாபகம் வருகிறது. கொரோனா ஓய்ந்து, ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றி ஒருவர் மூஞ்சியை ஒருவர் திரும்பவும் பார்க்கத் தொடங்கியிருந்த சமயம். என் அக்கா வீட்டுக்காரர், மாமா, பாரிவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். லாரியின் மேல்மூடியை மூடுகிற பழக்கம் அவருக்கு அப்போது கிடையாது. கரையான்சாவடி முனையில் ஒரு சாயங்காலம் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினார். லாரி வலப்பக்கம் திரும்ப, தண்ணீர் மட்டும் நேராக எகிறி, ஓரமாக நின்ற ஒரு அம்மாவின் தலையில் விழுந்தது. நான் மாடி ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மா எங்கள் சென்டருக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

மாமா தலையை வெளியே நீட்டி, “ஒண்ணுமில்லக்கா. நல்ல தண்ணிதான். தொடச்சிக்கோ” என்றார்.

“ஒண்ணுமில்லயா? ஒரு கொடம் தண்ணி எந்தலையில கெடக்கு, ஒனக்கு ஒண்ணுமில்லயா? ஏல, கீழ எறங்குல.”

மாமா இறங்கவில்லை. சில விஷயங்களில் அவர் புத்திசாலி.

அந்த அம்மா ஈரம் சொட்டச் சொட்ட மாடியேறி வந்தார். வலது தோளில் வலி, படம் எடுக்க வேண்டும். ஒட்டி நிற்கச் சொன்னேன், முறைத்தார், ஆனாலும் நின்றார். படம் திரையில் வந்தது. எலும்பெல்லாம் இடத்தில் இருந்தது. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர், நான் வாயைத் திறக்கவே கூடாது. இருந்தாலும் நனைந்து வந்தவருக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டுமே என்று, “பயப்படாதீங்க மேடம், ஒண்ணுமில்ல” என்றேன்.

அரை மணி நேரத்தில் அதே வார்த்தை இரண்டாவது தடவை.

“ஒண்ணுமில்லயா, இல்ல ஒனக்கு ஒண்ணும் தெரியலயா?”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்.”

வாழ்க்கையில் நான் சொல்லியிருக்கவே கூடாத வரிகளில் இது முதலாவது. இரண்டாவது என் மனைவியின் சமையல் பற்றியது.

“எலும்பு முறியல. அது தெரியுது. தோள்ல தசைநார் கிழிஞ்சிருந்தா இந்தப் படத்துல தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“பொறவு எப்படி இல்லன்னு சொல்லுத? கரண்ட் போன வீட்டுக்குள்ள நின்னுகிட்டு அண்டா குண்டா எதுவுமில்லன்னு சொல்லுவியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அதச் சொன்னா ஒன் வாயி சுட்டுருமா, எக்ஸ்ரே?”

அன்றிலிருந்து எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். பூந்தமல்லி தாண்டி ஓர் என்ஜினீயரிங் காலேஜில் அவர் பாடம் நடத்தினார். கொரட்டூரில் ஏரிப்பக்கம் வீடு. சாயங்காலம் கரையான்சாவடியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் மாடியேறி வருவார். எங்கள் சென்டரில் ஏ.சி. உண்டு, திட்டுவதற்கு ஆளும் உண்டு. டீக்கடையில் பால் இல்லை என்றால், “பாத்திரத்தத் தொறந்து பாத்தியா, பாக்காமச் சொல்லுதியா?” என்பார். கடைக்காரர் திறந்து காட்டிய பிறகு, “ஆங், இது இல்ல. இப்பச் சொல்லு” என்று சமாதானமாகிக் கட்டஞ்சாயா குடிப்பார்.

ரிங் மேடம் என்ற பெயர் கீழேயிருந்து வந்தது. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருஷம் “ரிங்ல வேலை பாத்தேன்” என்று ஒரு நாள் சொல்லப்போக, பிரியாணிக் கடைக்காரர் அதை நம் அவுட்டர் ரிங் ரோடு என்று எடுத்துக்கொண்டு, “டோல்கேட்டா மேடம்? நமக்கு ஒரு பாஸ் கெடைக்குமா?” என்று கேட்டுவிட்டார். அன்று விழுந்த திட்டில் அடுப்பிலிருந்த தேக்சா அடிப்பிடித்தது. ஆனால் திட்டி முடித்த கையோடு, தீய்ந்த வாசனைக்கு நடுவே நின்று, என்னைக் காட்டி விளக்கவும் செய்தார்.

“இவன் மாமா லாரி இருக்கில்ல. நேராப் போறப்ப தண்ணி சிந்துதா? மொனை திரும்புறப்பதான் சிந்துது. அங்க லாரிக்குப் பதிலா எலக்ட்ரான். வட்டமா ஒரு குழாய், உள்ள காத்தே கெடையாது, அதுல கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகத்துக்கு ஓடும். காந்தம் வெச்சுத் திருப்புவோம். திருப்புற ஒவ்வொரு எடத்துலயும் வெளிச்சம் நேரா எகிறும். சின்க்ரோட்ரான் வெளிச்சம்னு பேரு. அதுல எக்ஸ்ரேயும் இருக்கும். இவன் மெஷின்ல வர்றது குண்டு பல்பு மாதிரி நாலாபக்கமும் பரவுத எக்ஸ்ரே. இது ஊசி. கலையாம, பரவாம, அவ்ளோ பிரகாசமா வரும்.”

கடைக்காரர் கரண்டியோடு யோசித்தார். “அப்ப சிந்துறதப் புடிச்சித்தான் உங்க வேலையே. நாங்க சிந்துனா தொடச்சிட்டுப் போயிடுவோம் மேடம்.”

“தொடச்சிட்டுப் போங்க. அதான் நம்ம நாடு இப்படி இருக்கு.”

இனி என்னுடைய இரண்டாவது வசனத்துக்கு வருகிறேன். ஒட்டி நில்லுங்க. அதை எப்போது காதில் கேட்டாலும் அவருக்கு உடம்பு எரியும். “ஒட்டி நின்னா நெழல்தான்ல விழும்” என்பார். எங்கள் எக்ஸ்ரே உடம்புக்குள் போகும்போது எலும்பு நிறைய உறிஞ்சிக்கொள்ளும், அதனால் எலும்பு தெரியும். சதைக்குள் இன்னொரு சதை என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி உறிஞ்சும், தெரியாது. ஆனால் இரண்டு சதையும் சந்திக்கிற விளிம்பில் எக்ஸ்ரே மிக மிகக் கொஞ்சமாக வளைகிறதாம். அந்த ஊசி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, படத்தட்டையும் உடம்பை விட்டுத் தள்ளி வைத்தால், வளைந்தது விலகி விழுந்து விளிம்பு கோடாகத் தெரியுமாம். “எங்க ஏரியில பாலிதீன் கவர் மெதக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே தண்ணி, வெளியே தண்ணி. ஆனா அதோட ஓரம் பளிச்சுனு தெரியும் பாத்தியா. அதேதான்.”

வீட்டுக்குப் போய் மனைவியிடம், “தள்ளி நின்னாத்தான் எல்லாம் நல்லாத் தெரியும்” என்று விளக்கினேன். “அப்போ ஹால்லயே படுங்க” என்றாள்.

காலேஜுக்கு வந்த பிறகும் வருஷத்தில் சில நாட்கள் அந்த ரிங்கில் அவருக்கு நேரம் ஒதுக்குவார்கள். தட்கல் டிக்கெட்டுக்கு மேல் அடிதடி. போகும்போது சின்னச் சின்ன ஜாடிகளை எடுத்துப் போவார். ஆஸ்பத்திரிகளில் அறுவை முடிந்து, பரிசோதனையும் முடிந்து மிஞ்சிய மார்புக் கட்டித் துண்டுகள். அந்தப் படங்களைப் போனில் காட்டுவார். சாம்பல் நிறத்தில் கட்டி, அதிலிருந்து கிளம்பிச் சுற்றிலும் ஓடுகிற நூல்கள், நூலிலிருந்து நூல். இத்தனை வருஷம் எக்ஸ்ரே எடுத்த நான் அப்படி ஒரு படத்தைக் கண்டதில்லை.

“சூப்பரா இருக்கு மேடம்” என்றேன்.

“எப்ப சூப்பரா இருக்கு? அறுத்தப்பொறவு.” போனைப் பிடுங்கிக்கொண்டார். “இவளுவள்ல எத்தன பேருகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்புனானுவளோ. எல்லாம் முடிஞ்சி ஜாடிக்குள்ள வந்தப்பொறவு நான் உக்காந்து அழகா படம் எடுக்கேன். கல்யாணம் முடிஞ்சி பந்தலும் பிரிச்சப்பொறவு போட்டோக்காரன் வந்த மாதிரி.”

“உயிரோட இருக்கறவங்கள அந்த வெளிச்சத்துல காட்ட முடியாதா?”

“வெளிநாட்டுல ஒண்ணு ரெண்டு எடத்துல காட்டுதான். ஒரு மேசையில ஓட்டை. அதுல மாரு தொங்குத மாதிரி குப்புறப் படுக்கச் சொல்லுதான். அமுக்கமாட்டான், நசுக்கமாட்டான். மேசையோட அவளையே மெதுவாச் சுத்தவிட்டு, எல்லாப் பக்கமும் படம் புடிச்சிருதான். நம்மகிட்ட ஜாடி வைக்கத்தான் எடமிருக்கு, ஆளு படுக்க எடமில்ல. ஒரு மீட்டிங்குல எந்திரிச்சிக் கேட்டேன். ஒருத்தன் சொல்லுதான், இப்போதைக்கு அவசியம் ஒண்ணுமில்ல மேடம்னு.”

அந்த வார்த்தையின் மேல் அவருக்கு அத்தனை வன்மம் ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

அப்படியும் நான் ஒரு நாள் அவரிடம் கேசரியை நீட்டினேன்.

என் அக்காவுக்கு இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. குளிக்கும்போது கையில் பட்டதாகச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை அழுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அக்கா சிரித்தபடி திரும்பி வந்து, நெய் ஊற்றிக் கேசரி கிண்டி, பாரிவாக்கத்தில் தெருவுக்கே கொடுத்தாள். நான் அங்கேயே இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, ஒரு டப்பாவும் வாங்கி வந்தேன். ரிங் மேடத்துக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

“என்ன விசேஷம்?”

“அக்காவுக்கு மார்ல கட்டி மாதிரி இருந்துச்சு மேடம். படம் எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணு...” நிறுத்தினேன். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. “...மில்லன்னுட்டாங்க.”

கேசரியைக் கீழே வைத்தார். “கையில பட்டுதே, அது எங்க இப்ப?”

“அது இருக்கு.”

“இருக்கு. ஒண்ணுமில்ல, ஆனா இருக்கு. வண்டிய எடுல.”

பாரிவாக்கத்தில் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட மாமா, லாரி விஷயமாகத்தான் அந்த அம்மா தேடி வந்துவிட்டது என்று நினைத்துப் பின்பக்கமாக நழுவினார். அக்கா வாசலுக்கு வந்தாள். ரிங் மேடம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு? அவர் சொன்ன வார்த்தையச் சொல்லு. ஒன் வார்த்தை வேண்டாம்.”

“ஒண்ணுமில்லன்னு...”

“அதே வார்த்தையா?”

அக்கா யோசித்தாள். “மாரு கெட்டியா கீதும்மா, படத்துல ஒண்ணும் தெரியலன்னாரு.”

“பொறவு?”

“இன்னொரு ஸ்கேன் எடுத்துகினு வான்னாரு. ஜெல்லு தடவிப் பாப்பாங்களே, அது. அதான் ஒண்ணுமில்லயே, இன்னாத்துக்கு வெட்டியா அலையணும்னு உட்டுட்டேன்.”

டாக்டர் வாயிலிருந்து புறப்பட்டது ‘ஒண்ணும் தெரியல’. ஆஸ்பத்திரி வாசலில் மாமாவிடம் சொல்லும்போதே அது ‘ஒண்ணுமில்ல’ ஆகிவிட்டது. அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது ‘ஒண்ணுமே இல்ல’. என் வாய்க்கு வந்து சேர்ந்தபோது கேசரி.

ரிங் மேடம் படத்தை வாங்கி அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மார்பு கெட்டி என்பதால் படம் முழுக்க ஒரே வெள்ளை, கட்டி இருந்தாலும் அதே வெள்ளைதான். “இதுல அவரு எங்க போயித் தேடுவாரு? தயிர்சாதத்துல தேங்காச்சில்லு விழுந்து கெடக்கு. வெள்ளையில வெள்ளை. கை சொல்லுதுல்ல இருக்குன்னு, கைய நம்பு. நாளைக்கே அந்த ஸ்கேனுக்குப் போ.”

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபத்தில் எங்கள் குடும்பமும் யாருக்கும் சளைத்ததல்ல. எனக்கு மட்டும்தான் அது வராமல் போய், பதிலுக்கு ஜோக் வருகிறது.

“இந்தாம்மா” என்றாள் அக்கா. “இப்பத்தான் நல்ல வார்த்த கேட்டுகினு ஊடு வந்து சேந்தேன். நீ யாரு? ஊட்டுக்குள்ள பூந்து, என் மாருல கட்டி கீது, கட்டி கீதுன்னு கூவிகினு கீற. நான் செத்தா ஒனக்கு இன்னா சந்தோசம்?”

“நீ செத்தா ஒன் கட்டிய ஜாடியில போட்டு எங்கிட்டதான் கொண்டாருவாங்க. அப்ப நல்லாத் தெரியும். எனக்கு அது வேண்டாம்.”

அக்கா கையை வாசல் பக்கம் நீட்டினாள். “போ வெளிய.”

மறுநாள் காலையில் அக்காவே எனக்குப் போன் செய்தாள். “டேய், வண்டிய எடுத்துகினு வா. அந்தப் பொம்பள மூஞ்சியில கரியப் பூசணும். ஸ்கேன் எடுத்து, ஒண்ணுமில்லன்னு எழுதி வாங்கினு போயி அவ ஊட்டுக் கதவுல ஒட்டுறேன்.”

ஒட்ட முடியவில்லை. ஜெல் தடவிப் பார்த்ததில் தெரிந்தது. ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுதான். சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், மார்பு முழுவதையும் எடுக்க வேண்டாம் என்றார்கள். கட்டியை மட்டும் அறுத்தார்கள். அப்புறம் எங்கள் ஜனங்கள் ‘கரண்ட் வெக்கிறது’ என்கிற கதிர்வீச்சு. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ரிங் மேடம் வராண்டாவில் உட்கார்ந்து வாட்ச்மேனோடு, ஓடாத மின்விசிறியோடு, கேன்டீன் காபியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ‘நான் அன்னைக்கே சொன்னேன்ல’ என்ற வாக்கியத்தை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். வரவில்லை.

பரிசோதனை முடிந்து மிஞ்சிய துண்டை ரிங்குக்குக் கொண்டுபோக அக்காவின் சம்மதம் வேண்டும் என்றார்கள். “எடுத்துகினு போவட்டும். வேணாம்னுதானே அறுத்தது” என்று கையெழுத்துப் போட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ரிங் மேடம் லேப்டாப்போடு பாரிவாக்கம் வந்தார். இந்தத் தடவை செருப்பை வாசலில் விட்டார். படத்தைத் திறந்து அக்கா பக்கம் திருப்பி வைத்தார். மாமாவும் நானும் பின்னால் நின்றோம். அதே சாம்பல் நிறம், அதே நூல்கள். ஓரிடத்தில் கட்டியின் ஓரம் ஊசியால் கீறினாற்போல் துல்லியமாக இருந்தது.

“இதுவா?” என்றாள் அக்கா.

“இதான்.”

“இவ்ளோ சுத்தமாத் தெரியுதே.”

“ம்.”

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கழுத்து நரம்பு எழும்புவதை நான் பார்த்தேன்.

“அறுத்தப்புறம் எதுக்குடி தெரியுது? உள்ள கெடந்தப்போ ஏன் தெரியல? அப்டி ஒரு வெளிச்சம் கீதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள அதாண்ட இட்டுகினு போறதுக்கு இன்னா கேடு? எங்க மாரு ஜாடிக்குள்ள வந்தாத்தான் பாப்பீங்களா? ஜாடிக்கு எடம் கீது, எனக்கு இல்லியா? சொல்லுடி.”

ரிங் மேடத்தை ‘டி’ போட்டுக் கூப்பிட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாமிரபரணி கரை உடைக்கப்போகிறது என்று மாமா ஒரு அடி பின்னால் போனார்.

ரிங் மேடம் லேப்டாப்பை மூடினார். “தெரியலக்கா” என்றார். அவ்வளவுதான். அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்ட ஒரே வார்த்தை அது.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டோடு வந்தாள். “தயிர்சாதந்தான் கீது. தேங்கா போடல, தெகிரியமா சாப்டு.”

அடுத்த கோடையில் ரிங் மேடம் காலேஜை விட்டுவிட்டு வடக்கே திரும்பினார். “அங்க போயி என்ன மேடம் பண்ணப் போறீங்க?” என்று கேட்டேன். “கத்தப் போறேன். ஒன் அக்கா கேட்டாளே, அதத்தான். ஒவ்வொரு மீட்டிங்குலயும்” என்றார். பஸ் வந்தது. கண்டக்டரிடம் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டே ஏறினார். அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. ஆள் படுக்க அங்கே மேசை போட்டார்களா என்று கேட்டால், தெரியவில்லை என்பேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

மாமா இப்போது லாரி மூடியை மூடித்தான் எடுக்கிறார். அக்கா வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போய், டாக்டரிடம், “சொன்ன வார்த்தைய இன்னொருவாட்டி அப்டியே சொல்லு” என்று கேட்டு அவரை நடுங்க வைக்கிறாள்.

போன வாரம் ஓர் அம்மா நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். ரொம்ப நாள் இருமல். ஒட்டி நிற்கச் சொன்னேன், வேறு வழியில்லை, என்னிடம் இருப்பது குண்டு பல்புதான். மூச்சை விடச் சொல்லவும் ஞாபகமாக இருந்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டே, “ஒண்ணுமில்லதானே அண்ணாத்தே?” என்றார்.

“இந்தப் படத்துல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீங்க டாக்டரப் பாக்கணும்.”

“தெரியலியா? தெரியாமத்தான் இங்க குந்திகினு கீறியா? நல்ல ஆளு வெச்சிக்கினாங்கய்யா கடைக்கு.”

படிக்கட்டு முழுக்கத் திட்டிக்கொண்டே இறங்கினார். வர்றவங்களைச் சிரிச்ச முகத்தோடு அனுப்பத் தெரியாதா என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். நான் ஜன்னலுக்குப் போனேன். அந்த அம்மா பிரியாணிக் கடை வாசலில் நின்று, மேலே என்னைப் பார்த்து இன்னொரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை எடுத்துப் பெரிய டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று யாரையோ அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோபமாகத்தான் போகிறார். போகட்டும். சிரித்துக்கொண்டு போன என் அக்காதான் கேசரி கிண்டினாள்.